கம்பெனி சொல்லும் மைலேஜ் நம் சாலையில் ஏன் வருவதில்லை?

காரின் மைலேஜை அளக்கும்போது அந்தக் கார் நின்ற இடத்தை விட்டு ஓர் அடிகூட நகர்வதில்லை. மூடிய அறை ஒன்றில், தரையில் பதித்த இரும்பு உருளைகள்மேல் அதன் சக்கரங்கள் சுழலும். முன்னால் ஒரு பெரிய மின்விசிறி காற்றடிக்கும். ஓட்டுநரின் எதிரே ஒரு திரை. அதில் ஏறி இறங்கும் கோடு ஒன்று, இந்த விநாடியில் இந்த வேகம் என்று சொல்லிக்கொண்டே போகும். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் மிதிப்பதுதான் அவர் வேலை. அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். சோதனைக்கு முன் குறைந்தது ஆறு மணி நேரம் கார் அதே வெப்பத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். ஏசி ஓடாது.

இப்படிக் கிடைக்கும் எண்தான் ஷோரூமில் நமக்குச் சொல்லப்படுகிறது. 2024-ல் வந்த புது ஸ்விஃப்டின் மேனுவல் கியர் வண்டிக்கு லிட்டருக்கு 24.8 கி.மீ. பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடுக்கு 27.97. சான்று தரும் அமைப்புகளில் புனேயில் 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. பெயர் பெற்றது என்பதால், எல்லா எண்ணையும் ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஹரியானாவின் மானேசரிலும் ஒரு மையம் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்திலும் வாகனச் சோதனை மையம் இருக்கிறது.

திரையில் ஓடும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. மொத்தம் 1,180 விநாடிகள். இருபது நிமிடம்கூட முழுதாக இல்லை. தூரம் பத்தரை கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். முதல் 780 விநாடிகள் நகர ஓட்டம். 195 விநாடியில் முடியும் ஒரே பாட்டை நான்கு முறை திரும்பப் பாடுவதுபோல, ஒரே மாதிரி கிளம்பி, ஒரே மாதிரி நின்று, நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றும் ஏறக்குறைய ஒரு கி.மீ.; அதற்குள் கார் மூன்று முறை நின்று கிளம்பும். மிஞ்சிய 400 விநாடிகள் நெடுஞ்சாலை ஓட்டம். அதில் தொடும் உச்ச வேகம் 90 கி.மீ.

இந்தக் கோட்டின் பெயர் 'மாடிஃபைட் இந்தியன் டிரைவிங் சைக்கிள்'. பெயரில் 'இந்தியன்' என்ற சொல் இருந்தாலும், கோடு பிறந்தது ஐரோப்பாவில். நகர ஓட்டம் 1970-ல் அங்கே வகுக்கப்பட்டது. நெடுஞ்சாலைப் பகுதியை 1990-களின் தொடக்கத்தில் சேர்த்தார்கள். நாம் அதை எடுத்துக்கொண்டு, உச்ச வேகத்தை மட்டும் 120-லிருந்து 90-ஆகக் குறைத்தோம். நகரப் பகுதியில் நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்ளலாம். கிண்டி மேம்பாலத்தில் யாராவது 26 விநாடி எடுத்து 50-ஐத் தொட்டால், பின்னால் வரும் பஸ் ஹாரனை விட்டுக் கையை எடுக்காது. 1970-ன் கார்களுக்கு அந்த நிதானம் பொருந்தியது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சோதனையில் பெட்ரோலை அளப்பதில்லை, புகையை அளக்கிறார்கள். புகைபோக்கியிலிருந்து வரும் வாயுவைப் பைகளில் பிடித்து, அதில் கார்பன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உள்ளே போன கார்பன்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். அதை வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால் எத்தனை லிட்டர் எரிந்தது என்று தெரிந்துவிடும். மிகத் துல்லியமான முறை இது. 27.97 என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுத முடிவது இதனால்தான்.

ஆகவே அந்த எண் பொய் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். அதே அறையில், அதே கோட்டில், அதே வெப்பத்தில் இன்னொரு முறை ஓட்டினால் அதே எண்ணை ஒட்டித்தான் வரும். இரண்டு கார்களில் எது குறைவாகக் குடிக்கும் என்று ஒப்பிட, இப்படி ஓர் அசையாத அளவுகோல் தேவை. சாலையில் ஓட்டி அளந்தால் காற்று, வெயில், போக்குவரத்து, ஓட்டுநர் என்று எல்லாம் மாறும், ஒப்பிடவே முடியாது. ஒப்பிடுவதற்காக எடுத்த எண்ணை, உங்கள் வீட்டு வாசலில் இதுதான் கிடைக்கும் என்ற வாக்குறுதியாக விற்பதில்தான் எனக்குச் சண்டை.

சரி, அந்த அறைக்கும் நம் சாலைக்கும் எங்கே இடிக்கிறது? முதலில் ஏசி. நம் ஊரில் மே மாதத்தில் ஏசி போடாமல் கார் ஓட்டுகிறவர் யார்? கம்ப்ரசரைச் சுழற்றும் சக்தி இன்ஜினிலிருந்துதான் வருகிறது. "ஏசி போட்டால் மைலேஜில் இவ்வளவு குறையும்" என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அது சரியல்ல. ஏசி தூரத்துக்கு எரிபொருள் கேட்பதில்லை, நேரத்துக்குக் கேட்கிறது.

கணக்குக்காக, ஏசி மணிக்கு அரை லிட்டர் கூடுதலாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பைபாஸில் மணிக்கு 60 கி.மீ. போகிறீர்கள், ஏசி இல்லாமல் லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டி. ஒரு மணி நேரத்தில் 3 லிட்டர், ஏசியோடு மூன்றரை. மைலேஜ் 17-க்கு வரும். இப்போது அதே வண்டி மாலை ஆறரை மணிக்கு வேளச்சேரியில் மாட்டிக்கொள்கிறது. மணிக்கு 12 கி.மீ. நகர்கிறது, ஏசி இல்லாமல் லிட்டருக்கு 12 கொடுக்கும் என்று வைப்போம். அந்த ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர். ஏசியோடு ஒன்றரை லிட்டர். மைலேஜ் 8. அதே ஏசி, அதே அரை லிட்டர், ஓரிடத்தில் 3 குறைக்கிறது, இன்னோரிடத்தில் மூன்றில் ஒரு பங்கையே தின்றுவிடுகிறது. "என் வண்டி எட்டுதான் கொடுக்கிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்" என்று வருத்தப்படுபவர்களில் பலரின் வண்டிக்கு ஒரு நோயும் இல்லை.

போக்குவரத்து நெரிசலைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் இருக்கிறது. சோதனையின் நகரப் பகுதியில் வண்டி வேகமாகப் போகிறது என்று நினைக்கிறோம். இல்லை, அதன் சராசரி வேகம் மணிக்கு 19 கி.மீ. அளவுதான். சென்னையின் நெரிசல் நேரத்துக்கு அது ஒன்றும் அந்நியமில்லை. வித்தியாசம் ஊர்வதில் இருக்கிறது. சோதனையில் வண்டி நின்றால் முழுதாக நிற்கும், கிளம்பினால் சீராக ஏறும். நம் சிக்னலில் நான்கு அடி நகர்ந்து, கிளட்ச் மிதித்து, மறுபடி நான்கு அடி. முதல் கியரைத் தாண்டுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் பெட்ரோலை எரித்து எடுத்த வேகத்தை பிரேக்கில் சூடாக்கித் தொலைக்கிறோம். ஹைப்ரிட் கார்கள் நகரத்தில் நன்றாகக் கொடுப்பது, அந்தத் தொலையும் சக்தியில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்புவதாலும், ஊரும்போது இன்ஜினை அணைத்துவிடுவதாலும்தான். நெடுஞ்சாலையில் 100-ல் ஓடும்போது அந்த அனுகூலம் சுருங்கிவிடும். தினமும் நகருக்குள் ஓடுபவருக்கும் வாரம் ஒருமுறை ஊருக்குப் போகிறவருக்கும் ஒரே ஹைப்ரிட் இரண்டு வேறு வண்டிகள்.

நெடுஞ்சாலையில் எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 90-லிருந்து 120-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்றுத் தடையோ 78 சதவீதம் கூடுகிறது. நம் சோதனையில் 90-க்கு மேல் ஒரு விநாடிகூட இல்லை. அதுவும் அந்த 90-ல் ஓடுவது கொஞ்ச நேரம்தான். திருச்சிக்கு 110-ல் மூன்றரை மணி நேரம் போனேன் என்று பெருமையாகச் சொல்பவர், கம்பெனி சொன்ன எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

அறையின் தரைக்கு மேடு பள்ளம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,200 கிலோ இருக்கும் காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும், நான் போட்ட கணக்கில், ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். சமவெளியில் அந்த 50 கி.மீ. முழுவதையும் ஓடவே கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். இறங்கும்போது கியரில் வைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இக்காலத்து இன்ஜின்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் ஐடிலில் ஓட எரிபொருள் கேட்கும். ஆகவே நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் என்ற பழைய பேச்சு தப்பு. உயிருக்கும் ஆபத்து.

பக்கத்துக் கடைக்கு இரண்டு கி.மீ. போய்வருபவருக்கு இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும், மைலேஜ் அடிவாங்கும். டயரில் காற்றுக் குறைவு, மேலே கேரியர், டிக்கியில் எப்போதும் கிடக்கும் சாமான் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும்.

இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. பங்கில் நாம் போடுவதில் 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மொத்த ஆற்றல் 6, 7 சதவீதம் இறங்கும் என்பது பள்ளிக் கணக்கு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றும், 10 சதவீதக் கலவைக்கு வடிவமைத்து 20-க்குச் சரிசெய்தவற்றில் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்றும் சொன்னது. ஆறேழு ஆண்டுக்கு முன் வாங்கிய காரின் சான்று எண் இந்தப் பெட்ரோலில் எடுத்ததல்ல. வண்டி அதேதான், ஓட்டுபவரும் அவரேதான், குடிப்பது மட்டும் மாறிவிட்டது. விலையில் அந்தக் குறைவு தெரிவதில்லை என்று மக்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் இயற்கை விதிகள். மனிதர் செய்யும் வேலை ஒன்றும் உண்டு. சோதனை எண் பணமாக மாறும் இடத்தில், அந்த எண்ணுக்காகவே காரைச் செதுக்க ஆரம்பிப்பார்கள். ஐரோப்பாவில் இது கண்கூடாகத் தெரிந்தது. பல நாடுகளில் கார் வரி, வெளிவிடும் கார்பன் அளவைப் பொறுத்தது. கம்பெனிகளுக்கும் கார்பன் உச்சவரம்பு வந்தது. ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு, லட்சக்கணக்கான கார்கள் சாலையில் குடித்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தது. 2001-ல் சோதனை எண்ணைவிடச் சாலையில் 9 சதவீதம் கூடுதலாக எரிந்தது. 2015-ல் அந்த இடைவெளி 42 சதவீதம். பதினான்கு ஆண்டில் சாலையும் காற்றும் மாறிவிடவில்லை. சோதனையின் ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன.

அதில் பெரிய ஓட்டை, அறைக்குள் அல்ல, வெளியே இருந்தது. உருளைகள் சக்கரத்துக்கு எவ்வளவு எதிர்ப்புக் கொடுக்க வேண்டும் என்று முதலில் தீர்மானிக்க வேண்டுமே? அதற்காகக் காரை நேரான சமதளப் பாதையில் வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். அது தானாக வேகம் இழக்கும் நேரத்தை வைத்துக் காற்றும் டயரும் தரும் தடையைக் கணக்கிடுவார்கள். அந்தத் தடையைக் குறைத்துக் காட்டிவிட்டால், அப்புறம் அறைக்குள் எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் மைலேஜ் கூடுதலாகத்தான் வரும். ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 2012 நவம்பரில் சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜ் எண்ணைக் குறைத்து அறிவிக்க வேண்டி வந்தது. 2014-ல் 10 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டன. பல முறை எடுத்த அளவுகளின் சராசரியைக் கொடுக்காமல், சாதகமாக வந்தவற்றைக் கொடுத்தார்கள் என்பது அரசு வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2016 ஏப்ரலில் ஜப்பானில் மிட்சுபிஷி, 6 லட்சத்து 25 ஆயிரம் சின்னக் கார்களின் சோதனையில் இதே தடைக் கணக்கைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. அதைக் கண்டுபிடித்தது அரசு அல்ல. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றைத் தன் பெயரில் விற்றுவந்த நிசான், தானே அளந்து பார்த்தபோது எண் பொருந்தவில்லை.

இந்தியாவிலும் சோதனை எண்ணுக்கு இப்போது கனம் கூடியிருக்கிறது. ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரியும் கி.மீ.க்கு இவ்வளவு கிராம் கார்பன் டை ஆக்ஸைடுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2017-18-லிருந்து இருக்கிறது. முதலில் 130 கிராம், 2022-23 முதல் 113. பெட்ரோல் கணக்கில் 113 கிராம் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 21 கி.மீ. அந்த வரம்பைத் தொடுவது அறைக்குள் எடுத்த எண்ணால்தான், உங்கள் சாலையில் வரும் எண்ணால் அல்ல. 2023 ஏப்ரலிலிருந்து புகை மாசை சாலையில் ஓட்டியும் அளக்கிறார்கள். மைலேஜுக்கு அப்படி இல்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்கா நேர்வழியில் போனது. எண் சாலையில் வருவதில்லை என்று புகார் வந்ததும், 1985 மாடல் கார்களிலிருந்து நகர எண்ணில் 10 சதவீதத்தையும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதத்தையும் கழித்தே கார் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார்கள். 2008 மாடலிலிருந்து இரண்டு சோதனை ஐந்தானது. அதில் ஒன்று 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டுவது. இன்னொன்று உறைபனிக் குளிரில் ஓட்டுவது. மற்றொன்று வேகமாக, முரட்டுத்தனமாக ஓட்டுவது. 35 டிகிரி என்பது நமக்குச் சாதாரண நாள். ஏசி போட்டு அளக்க வேண்டிய ஊர் எது என்று கேட்டால், நான் அமெரிக்காவைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஐரோப்பா 2017 செப்டம்பரிலிருந்து புதிய உலகச் சோதனைக்கு மாறியது. 1,800 விநாடி, 23 கி.மீ.க்கு மேல், உச்ச வேகம் 131. அத்தோடு விடவில்லை. 2021 முதல் விற்கும் புதிய கார்கள், தாங்கள் வாழ்நாளில் குடித்த எரிபொருளைத் தாங்களே பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்தப் பதிவுகளைத் திரட்டி 2024-ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் புதிய சோதனை எண்ணைவிடவும் 20 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக எரிக்கின்றன. பிளக் போட்டு சார்ஜ் ஏற்றும் ஹைப்ரிட்களில் வெளிவரும் கார்பன், சொன்னதைப்போல் மூன்றரை மடங்கு! சோதனையில் பேட்டரியில் நிறைய ஓடும் என்று கணக்கு வைத்தார்கள், வாங்கியவர்களோ போதிய அளவு சார்ஜ் போடவில்லை. எந்தச் சோதனையும் இடைவெளியை முழுதாக அடைக்காது என்பது இதில் தெரிகிறது, ஆனால் 42-க்கும் 20-க்கும் நடுவே இருக்கும் தூரம் சின்னதல்ல.

மின்சாரக் கார்களில் நம் நாட்டிலேயே ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும் என்ற எண்ணை முன்பு அந்த நகரப் பகுதியை மட்டும் ஓட்டி எடுத்தார்கள், 90 கி.மீ. பகுதி கணக்கிலேயே இல்லை. 2024-ல் வந்த டாடா கர்வின் பெரிய பேட்டரி வண்டிக்கு அப்படிக் கிடைத்தது 585 கி.மீ. இரண்டு பகுதியையும் சேர்த்து ஓட்டியபோது 502. வாடிக்கையாளர்களில் 75 சதவீதம் பேருக்குக் கிடைக்கக்கூடியது என்று கம்பெனி தானாகவே சொன்னது 400 முதல் 425. ஒரே வண்டிக்கு மூன்று எண், மூன்றும் தத்தம் வழியில் உண்மை. கடைசி எண்ணை வெளிப்படையாகச் சொன்னதால் யாரும் கெட்டுப்போகவில்லை. பெட்ரோல் காருக்கும் ஷோரூம் கண்ணாடியில் அதேபோல், ஏசியோடு நகரத்தில் இவ்வளவு, 100-ல் நெடுஞ்சாலையில் இவ்வளவு என்று இரண்டு எண்ணை ஒட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

அதுவரை நம் எண்ணை நாம்தான் எடுக்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் சராசரியை நான் நம்புவதில்லை, அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். பழைய ஃபுல் டேங்க் முறையே நல்லது. ஒரு பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 'இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா சார்' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முக்கால் டேங்க் தீர்ந்ததும் அதே பங்கில், அதே ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் புதிதாக ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று நான்கு முறை எடுத்த பிறகு சராசரி போடும்போது ஒரு தவறு எல்லாரும் செய்வது. 100 கி.மீ. நகரத்தில் 10 கொடுத்தது, 100 கி.மீ. நெடுஞ்சாலையில் 20 கொடுத்தது, ஆகவே சராசரி 15 என்பார்கள். குடித்தது 10 லிட்டரும் 5 லிட்டரும், ஆக 200 கி.மீ.க்கு 15 லிட்டர். மைலேஜ் 13.3தான்.

புது வண்டி வாங்கப் போகிறவருக்கு இந்த எண் கையில் இருக்காது. அவர் சான்று எண்ணை ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டு, செலவுக் கணக்குக்கு அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளட்டும். முழுக்க நகர ஓட்டம் என்றால் இன்னும் குறைத்தே வைக்கலாம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் வண்டி 20 கொடுத்தால் 600 லிட்டர், 15 கொடுத்தால் 800. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே ஆண்டுக்கு 20,000 ரூபாய் வித்தியாசம். தவணைத் தொகையோடு அந்த 800 லிட்டரின் மாதச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.